பறவை எங்களுக்கு, எச்சம் உம்மாவுக்கா?

போன நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும். எங்களில் மூன்று பேர் கல்முனைக்குடியில் ஒரு சினேகிதனின் வீட்டுக்குப் போயிருந்தோம். ஹோலின் நடுவில் அவனுடைய உம்மா முழங்காலை ஊன்றிக் குந்தியிருந்தார். கையில் ஒரு பழைய மேசைக்கத்தி, பக்கத்தில் வாளி, தோளில் ஈரத்துணி. காப்பட்டில் வெள்ளையும் பச்சையுமாகக் காய்ந்து கிடந்த எச்சத்தை ஒவ்வொரு இடமாகச் சுரண்டிக்கொண்டிருந்தார். நோன்பு வேறு. எங்களைக் கண்டதும், "மனே, அந்தப் பக்கத்தால வாங்க. இதுல கால ஊண்டாதீங்க, ஈரமாரிக்கி" என்றார்.

சினேகிதன் செற்றியில் சாய்ந்து கிடந்தான். தோளில் அவனுடைய கொக்கட்டீல், கையில் போன். "டேய், இது விசில் அடிக்கிறத பாருங்கடா" என்று வீடியோவைக் காட்டினான். பார்த்தோம். விசில் நன்றாகத்தான் இருந்தது. அந்த வீடியோவின் மூலையில் உம்மாவின் முதுகும் வாளியும் தெரிந்தன. அதைப் பற்றி அவனும் ஒன்றும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில் எங்களில் ஒருத்தன் சொன்னான்: "எங்கட ஊட்டயும் இதான்டா." மற்ற இரண்டு பேரும் பேசாமல் நடந்தோம். ஏனென்றால் எங்கள் வீடுகளிலும் அதுதான். இந்தக் கட்டுரை அந்த மௌனத்தில் இருந்து வருகிறது. யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை. குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்பது நாங்கள்தான்.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று எங்கள் பக்கத்து ஊர்களில் பறவை வளர்ப்பது புதுப் பழக்கம் இல்லை. கூரைக்கு மேல் புறாக்கூடு இல்லாத ஒழுங்கையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் புறா வெளியில் இருந்தது. 2020 கொரோனா முடக்கத்தில் வெளியே போக வழியில்லாமல் இருந்தபோது எங்களில் சிலர் லவ் பேர்ட்ஸ், கொக்கட்டீல் என்று வாங்கி ஹோலுக்குள்ளேயே கொண்டுவந்தோம். கூட்டைத் திறந்துவிட்டோம். பறவை கதிரையில் இருந்தது, யன்னல் சீலையில் இருந்தது, மின்விசிறியில் இருந்தது. இருந்த இடமெல்லாம் கீழே காப்பட்.

காப்பட் என்றால் எங்கள் ஊரில் இரண்டு. ஒன்று வீதிக்குப் போடுவது, மற்றது ஹோலுக்குப் போடுவது. இரண்டும் வந்துவிட்டால் முன்னேறிவிட்டோம் என்று நினைப்போம். மூத்தம்மாமாரின் காலத்தில் தரையில் கிடந்தது பன்பாய், இந்தக் கரையோர ஊர்களில் பெண்கள் கையால் இழைத்த பாய். அதில் கோழி ஏறி எச்சமிட்டால் துடைத்து, தண்ணீர் விட்டு அலசி, வேலியில் போட்டால் லுஹருக்கு முதல் காய்ந்துவிடும். சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் நம்மவர்கள் உழைக்கப் போகத் தொடங்கிய பிறகு, வரும்போது பொதியோடு சுருட்டிக் கொண்டுவந்தது இந்தத் தடித்த காப்பட். பாலைவனத்துக் காய்ந்த காற்றுக்கும் ஏசி அறைக்கும் ஒத்துவருகிற சாமான் அது. கடல் உப்பும் மாரிக் குளிரும் சேர்ந்த எங்கள் கரையில் அது நனைந்தால் லேசில் காயாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிழக்கில் வீடு பெண்ணுக்குத்தான். உம்மாவும் வாப்பாவும் வயிற்றைக் கட்டி மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து சேருவார். உறுதி அவளின் பேரில். ஆனால் அந்த வீட்டு ஹோலில் எந்தக் காப்பட் விரிப்பது என்று பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்து வந்தவர் முடிவெடுத்தார். எந்தக் குருவி வளர்ப்பது என்று மகன் முடிவெடுத்தான். இரண்டும் சந்திக்கிற இடத்தில் விழுகிற கறைக்கு மட்டும் அவள் பொறுப்பு.

ஈரானில் இஸ்ஃபஹான் என்று ஒரு நகரம். கம்பளத்துக்கு உலகம் முழுக்கப் பெயர் பெற்றது. அதே நகரத்தைச் சுற்றி ஸஃபவிகள் ஆண்ட காலத்தில் கட்டிய புறாக் கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. உள்ளே ஆயிரக்கணக்கில் மாடங்கள். காட்டுப் புறாக்கள் தாமாக வந்து தங்கும். அவற்றின் எச்சத்தைச் சேர்த்து முலாம்பழத் தோட்டங்களுக்கு உரமாகப் போட்டார்கள், தோல் பதனிடவும் பயன்படுத்தினார்கள். அங்கே கம்பளத்தின் இடம் வீடு, புறாவின் இடம் கோபுரம். எச்சத்தை ஒரு வேலையாக, ஒரு சொத்தாக மதித்து அதற்கென்று கட்டடம் கட்டினார்கள். நாங்கள் இரண்டையும் ஒரே ஹோலுக்குள் போட்டுவிட்டு நடுவில் உம்மாவை இருத்தியிருக்கிறோம்.

அந்தக் கறை ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது என்று எங்களுக்கு இதுவரை தெரியாது. தெரிய வேண்டிய தேவை வரவில்லை. பறவைக்கு நம்மைப் போல் தனியாகச் சிறுநீர் இல்லை. உடம்பில் தண்ணீரை மிச்சம் பிடிக்க, கழிவை யூரிக் அமிலமாக்கி வெள்ளைப் பசை போல் வெளியே விடுகிறது. நடுவில் இருக்கும் பச்சையோ கறுப்போதான் மலம். வாப்பாமாரின் கால் பெருவிரலில் ஊசியாய்க் குத்துகிற அதே யூரிக் அமிலம்தான் இதுவும். இது தண்ணீரில் கரைய மறுக்கும். ஒரு லீற்றர் பச்சைத் தண்ணீரில் ஏறக்குறைய 60 மில்லிகிராம்தான் கரையும். வாளி வாளியாய் ஊற்றித் தேய்த்தாலும் வெள்ளை அப்படியே நிற்பதற்குக் காரணம் உம்மாவின் கைப்பலக் குறைவு இல்லை. தேய்க்கத் தேய்க்க அது நூலுக்குள் இறங்குகிறது, அவ்வளவுதான். ஒரு சின்ன லவ் பேர்ட் நாளைக்கு முப்பது, நாற்பது தடவை எச்சமிடும். கணக்கை நீங்களே போடுங்கள்.

இதில் எங்கள் ஊருக்கே உரிய ஒரு சுமையும் இருக்கிறது. அதே ஹோலில்தான் உம்மா தொழுகிறார். நாங்கள் பெரும்பாலும் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். ஷாபிஈ மத்ஹபில் எந்தப் பறவையின் எச்சமும் நஜீஸ். ஹனஃபி மத்ஹபில் புறா, சிட்டுக்குருவி போன்றவற்றின் எச்சம் அப்படி இல்லை. மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் உண்ணத்தக்க பிராணிகளின் கழிவு நஜீஸ் இல்லை. நாங்கள் இதைச் சொல்வது மஸ்அலா தீர்ப்பதற்காக இல்லை, அதற்கு மௌலவிமார் இருக்கிறார்கள். உம்மாவுக்கு அது வெறும் அழுக்கு இல்லை என்பதைச் சொல்லத்தான். எங்களுக்கு அது ஒரு புள்ளி. அவருக்கு அது தொழுகை கூடுமா கூடாதா என்கிற சந்தேகம். எந்த மூலையில் விழுந்தது, காய்ந்ததா, யாராவது ஈரக் காலோடு மிதித்தார்களா என்று நாள் முழுக்க மனதில் ஓடும்.

அந்தச் சந்தேகத்துக்கு எங்கள் மத்ஹபே வைத்திருக்கும் இலகுவை யாரும் உம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதுதான் எங்களுக்குக் கவலை. எச்சத்தின் பொருளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தண்ணீரை ஓடவிட வேண்டும். நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகும் போகாத நிறம் மட்டும் மிஞ்சினால் அது மன்னிக்கப்பட்டது. பள்ளிவாசலுக்குள் தவிர்க்க முடியாமல் பறவைகள் இடுகிற காய்ந்த எச்சத்தைப் பற்றியும், வேண்டுமென்று மிதிக்காதவருக்கு நம் இமாம்கள் சலுகை சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்குள் சிறுநீர் கழித்த கிராமவாசியின் இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொன்ன நபிகளாரின் சம்பவத்தை மிம்பரில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! இவ்வளவு இலகுவான மார்க்கத்தில், மங்கலாய்த் தெரிகிற ஒரு வெள்ளைக்காக எங்கள் உம்மாமார் தோல் உரியத் தேய்க்கிறார்கள்.

தோல் மட்டும் இல்லை, நெஞ்சும்தான். எங்களில் ஒருவரின் உம்மாவுக்கு மாதக் கணக்காக வரட்டு இருமல். படி ஏறினால் மூச்சு வாங்கும். பாணி மருந்து குடித்தார், கொத்தமல்லி அவித்துக் குடித்தார், ஆவி பிடித்தார். மாரி போனால் சரியாகும் என்றோம், மாரியும் போனது. கடைசியில் ஒரு டொக்டர்தான் கேட்டார்: "வீட்டில பறவை வளர்க்கிறீங்களா? கூட்ட யார் துப்புரவாக்குற?" இந்தக் கேள்வியை அதுவரை வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. பறவை வளர்க்கிற மகனுக்கு இருமல் இல்லை. அவன் பறவையைத் தடவினான். காய்ந்த எச்சத்தைத் தும்புத்தடியால் கூட்டியதும் அந்தத் தூசியை மூச்சில் இழுத்ததும் உம்மா.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. புறா வளர்ப்பவர்களுக்கு வரும் நுரையீரல் நோயை மருத்துவர்கள் 1960களின் நடுப்பகுதியிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். இறகுத் தூளிலும் எச்சத்திலும் இருக்கும் புரதங்களுக்கு உடம்பு ஒவ்வாமை காட்டுகிறது. நீண்ட நாள் விட்டால் நுரையீரலில் தழும்பு விழும், அது திரும்பி வராது. கொக்கட்டீலும் புறாவும் மற்றப் பறவைகளை விட அதிகம் தூள் உதிர்ப்பவை. கிளிக் காய்ச்சல் என்று இன்னொன்று. 1929 கடைசியில் அமெரிக்காவின் அன்னாபொலிஸ் நகரத்தில் ஒருவர் மனைவிக்குக் கிறிஸ்மஸ் பரிசாகக் கிளி வாங்கிக் கொடுத்தார். கிளி செத்தது, மனைவியும் மகளும் மருமகனும் நோயில் விழுந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் பல நாடுகளில் இப்படி நடந்து, 1930 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி கிளி இறக்குமதியையே தடை செய்தார். இன்று அதற்கு நல்ல மருந்து இருக்கிறது, நோயும் அரிது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. வாங்கியவரும் விழுந்தவரும் வேறு வேறு ஆட்கள் என்பதற்காகச் சொல்கிறோம்.

எங்களுக்கு வரும் பதிலும் தெரியும். "புள்ள ஐஸ், தூள் எண்டு போகாம குருவியோட இரிக்கான். அதுக்கு நான் இன்னும் நாலு காப்பட் கழுவுவன்." இதைச் சொல்வது உம்மாமாரேதான். இன்றைக்கு எங்கள் ஊர்களில் போதைப் பொருள் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தவர்கள் இந்தப் பேச்சைச் சிரித்துத் தள்ள மாட்டார்கள். நாங்களும் தள்ளவில்லை. பறவை வளர்ப்பதை விடச் சொல்லவும் இல்லை. ஒரு உயிருக்கு வேளைக்குத் தீன் வைப்பது நல்ல பயிற்சிதான். ஆனால் தீன் வைப்பது பாதி வேலை. மற்றப் பாதியை உம்மாவிடம் தள்ளிவிட்டால் அது என்ன பயிற்சி? கெட்டுப் போகாமல் இருப்பதற்கு உம்மாவிடம் கூலி கேட்கிற பிள்ளை எந்தக் கணக்கில் நல்ல பிள்ளை?

இந்தக் கட்டுரையின் முதல் பிரதியை எங்கள் வட்டத்துச் சகோதரிகளுக்கு அனுப்பினோம். ஒருவர் எழுதிய பதில் இது: "நீங்க புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி எழுதாதீங்க. நாங்க பத்து வயசில இருந்து இதக் கழுவுறம். கட்டுரை எழுதுறத விட்டுட்டு எப்படிக் கழுவுறதெண்டு முதல்ல படிங்க." நியாயம். படித்தோம். இரண்டு பேர் வீட்டில் செய்தும் பார்த்தோம். படித்ததை எழுதுகிறோம், காக்காமாரும் தம்பிமாரும் கவனமாக வாசிக்கவும்.

ஈரமான எச்சத்தைத் தேய்க்கவே கூடாது. கடதாசித் துணியால் பொத்தி ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்ததைத் தும்புத்தடியால் கூட்டக் கூடாது, கத்தியால் சும்மா சுரண்டவும் கூடாது, தூசி எழும்பும். கொரோனாவுக்கு வாங்கி மிஞ்சின முகக்கவசத்தைப் போட்டு, யன்னலைத் திறந்து, கறையின் மேல் இளஞ்சூட்டுத் தண்ணீரைத் தெளித்துப் பத்து நிமிடம் விட வேண்டும். ஊறியதும் ஒரு கரண்டியின் விளிம்பாலோ பழைய போன் கார்டாலோ வெளிப்பக்கத்தில் இருந்து நடுவுக்குக் கிளப்பி எடுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். யூரிக் அமிலத்தைக் கரைக்க மினைக்கெடுவதை விடத் தூக்கி எடுப்பது லேசு.

பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு, வெள்ளைத் துணியால் ஒற்ற வேண்டும். நிறத்துணி என்றால் அதன் சாயமும் காப்பட்டில் இறங்கும். இன்னும் வெள்ளை நின்றால் ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்து ஒற்றலாம், யூரிக் அமிலம் காரத்தில் கொஞ்சம் இளகும். கம்பளி, பட்டுக் காப்பட் என்றால் சோடா வேண்டாம், நூல் பழுதாகும். எதையும் முதலில் செற்றிக்குக் கீழே மறைவான மூலையில் போட்டுப் பார்க்க வேண்டும். மூத்திர வாடை போல் அடித்தால் தண்ணீர் கலந்த வினாகிரியால் கடைசியில் ஒற்றலாம். சோடாவையும் வினாகிரியையும் ஒன்றாகக் கலந்து நுரை வருகிறது என்று சந்தோஷப்பட வேண்டாம். ஒன்றின் வேலையை மற்றது கெடுத்துவிடும்.

இதை மட்டும் தயவுசெய்து மறக்க வேண்டாம்: கொமட் கழுவுகிற அமிலத் திரவத்தோடு குளோரினைக் கலக்கக் கூடாது. மூடிய ஹோலுக்குள் வருவது நச்சு வாயு. கறை போகவில்லை என்ற ஆத்திரத்தில் வீட்டில் இருக்கிற எல்லாப் போத்தலையும் ஒன்றாய் ஊற்றுகிற பழக்கம் எங்கள் வீடுகளில் இருக்கிறது. குளோரின் தனியாகப் போட்டாலும் காப்பட்டின் நிறம் போய், எச்சக் கறைக்குப் பதில் மஞ்சள் கறை நிரந்தரமாய் நிற்கும்.

எல்லாம் முடிந்ததும் சுத்தமான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாய் ஊற்றி, காய்ந்த துவாயால் அழுத்தி உறிஞ்சி எடுக்க வேண்டும், இரண்டு மூன்று தடவை. உம்மாவின் மனத் திருப்திக்கும் அதுதான் தேவை, சோப்பு மிஞ்சாமல் இருக்கவும் அதுதான் தேவை. சோப்பு மிஞ்சினால் அந்த இடம் அழுக்கைப் பிடித்துக் கறுக்கும். காப்பட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் இரண்டு செங்கல் வைத்து மின்விசிறியைப் போட வேண்டும். சின்ன விரிப்பு என்றால் மதிலில் வெயிலுக்குப் போடலாம். கார்த்திகை, மார்கழியில் பெரிய காப்பட்டை முழுக்க நனைப்பது புத்தியில்லை. அடியில் பூஞ்சணம் பிடித்து, இருமலுக்கு இன்னொரு காரணம் சேரும்.

இதைச் செய்து பார்த்த எங்களில் ஒருவருக்கு ஒரே ஒரு கறைக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. முழங்கால் நொந்தது. அடுத்த நாளே கூட்டைப் பின்விறாந்தைக்கு மாற்றினான், அடியில் பேப்பர் விரித்தான், பறவையை வெளியே விடும் நேரத்தில் சீமெந்துத் தரையில் மட்டும் விட்டான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கழுவியவனுக்கு இந்தப் புத்தி ஒரு நாளில் வந்தது. இத்தனை வருடமாக வராததற்குக் காரணம் அவன் கழுவாததுதான்.

ஆகவே எங்கள் கருத்து இதுதான். பறவை யாருடையதோ எச்சம் அவருடையது. கூடு வாங்கக் காசு தேடும்போதே கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் சேர்த்துத் தேட வேண்டும். கூட்டுத் தட்டைத் தினமும் ஈரப்படுத்தித் துப்புரவாக்குவது வளர்ப்பவரின் வேலை, அது உம்மா நினைவுபடுத்தாமல் நடக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது இழுப்பு இருந்தால், புற்றுநோய்க்கு மருந்து எடுத்தால், சிறுநீரகம் மாற்றியிருந்தால், பறவை ஹோலுக்குள் வரவே கூடாது. விடாத இருமலோடு டொக்டரிடம் போனால் வீட்டில் பறவை இருப்பதை அவர் கேட்கும் வரை காத்திருக்காமல் சொல்ல வேண்டும். இருமல்கார உம்மா இப்போது கூட்டுப் பக்கம் போவதில்லை, மருந்தும் எடுக்கிறார். கொஞ்சம் பரவாயில்லை என்கிறார்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு மறுபடி அந்தச் சினேகிதனின் வீட்டுக்குப் போனோம். கொக்கட்டீல் பின்பக்கத்தில் விசில் அடித்தது. காப்பட்டில் பழைய கறை ஒன்று மங்கலாக நின்றது. அதை அவன்தான் கழுவினானாம், பெருமையாகக் காட்டினான். உம்மா வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அவன் கழுவினதுதான். அவன் வெளிய போனாப் பொறவு நான் இன்னொருக்காத் தண்ணி ஊத்தின. மனசு கேக்கல்ல மனே."

சினேகிதனுக்கு முகம் சுருங்கிப் போனது. எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. இவ்வளவு நாள் செய்யாத வேலையை ஒரு நாள் செய்ததும் உம்மா நம்பிவிட வேண்டும் என்று நினைப்பது எங்கள் பிழைதான். அவர் இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றத் தேவையில்லை என்கிற அளவுக்கு நாங்கள் கழுவிக் காட்ட வேண்டும்.